நீலம் பூசிய இடம்

“ஏலே, எந்த எடத்துக்குப் போற? சொல்லிட்டு வள்ளத்துல ஏறு.”

கேட்டுவிட்டேன். வாசலில் ஒரு காலை வைத்திருந்த தம்பி தேவபிரசாதம் அப்படியே நின்றான். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

“பாவி, திரும்பவுமா கேட்ட?”

கடலுக்குக் கிளம்புகிறவனிடம் எங்கே என்று கேட்கக் கூடாது. எங்கள் தெருவில் நடை பழகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். கேட்டால் போனவன் திரும்ப மாட்டான் என்பது பெண்களுக்குச் சொல்லும் காரணம். சங்கு கிடக்கிற பார், அதாவது கடலடித் திட்டு, எது என்று வெளியே தெரிந்தால் மறுநாள் அங்கே பத்து வள்ளம் நிற்கும் என்பது ஆண்களுக்குள் பேசிக்கொள்ளும் காரணம். எந்தக் காரணத்துக்காக எங்கள் வாயை மூடினார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதற்கு முன் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும்போது.

எனக்குப் புவியியல் குரூப். மார்க் குறைந்தவர்களை அதில் தள்ளுவார்கள், என்னையும் தள்ளினார்கள். தள்ளின இடம் எனக்குப் பிடித்துப்போனது. காற்று, அலை, நீரோட்டம் எல்லாம் இயற்கைப் புவியியல். மனிதன் எங்கே குடியிருக்கிறான், எங்கே உழைக்கிறான் என்பது மானிடப் புவியியல். எந்தப் பாடத்தை எடுத்தாலும் முதல் கேள்வி, எங்கே? வீட்டில் வாயில் எடுக்கக் கூடாத சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தில் மார்க் கொடுத்தார்கள்.

செய்முறைத் தேர்வுக்கு முன்பு சண்முகசுந்தரி டீச்சர், “உங்க வீட்டுல உள்ளவங்க வேலை பாக்குற எடத்தை வரைபடமா வரைஞ்சிட்டு வாங்க” என்றார். தாமிரபரணிக் கரை ஊரிலிருந்து வரும் செல்லக்கிளி வாய்க்கால், மடை, வரப்பு, அடுத்த வயல்காரர் பெயர் வரைக்கும் போட்டுக்கொண்டு வந்தாள். நான் கரை வரைந்தேன். துறைமுகம் வரைந்தேன். கலங்கரை விளக்கம் வரைந்தேன். மீதியெல்லாம் நீலம்.

“ஏளா, ஒங்கப்பா என்ன ஏசுசாமியா, தண்ணி மேல நடக்க? ஒரு புள்ளியாவது வைளா” என்று செல்லக்கிளி சிரித்தாள்.

அந்தப் புள்ளிக்காக மறுநாள் விடியலில் வாசலில் வைத்துக் கேட்டேன். “அப்பா, எங்க போறிய?”

அப்பா கோபப்படவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். போகிறபோது தடங்கல் வந்தால் அப்படித்தான் செய்வார்கள். “ஒம் புஸ்தகத்துல இல்லாத எடத்துக்குளா. வந்து சொல்லுதேன்” என்றார்.

மதியத்துக்கு மேல் வாடைக்காற்று ஏறியது. வள்ளம் திரும்பவில்லை.

தேட வந்த அதிகாரியும் அதே கேள்வியைத்தான் கேட்டார். எந்த இடத்துக்குப் போனார்கள்? வள்ளத்தில் போன மூன்று பேர் வீட்டிலும் ஒரே பதில். தெரியாது. அந்த வாரம் நிறைய வள்ளங்கள் வேம்பார்ப் பக்கம் போயிருந்ததால் வடக்கே தேடினார்கள். எங்கள் வள்ளம் கவிழ்ந்தபடி தெற்கே, பெரியதாழையில் ஒதுங்கியது. ஆட்கள் ஒதுங்கவில்லை. அப்பாவின் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தோம்.

வாடையில் இந்தக் கரையோரத்து நீரோட்டம் தெற்கே இழுக்கும் என்று நான் படித்திருந்தேன். தேடும்போதே சொன்னேன். “எங்க இருந்தும்மா இழுத்திருக்கும்?” என்று கேட்டார்கள். தொடங்கின இடம் தெரியாதவளுக்குப் படித்த பாடம் எதற்கு?

“புள்ள வாயத் தொறந்து கேட்டா. கடலுக்குக் காது கேட்டுட்டு” என்றார்கள் துட்டி கேட்க வந்தவர்கள். அம்மா அதற்குத் தலையாட்டினாள்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த சார் என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா, வேலை பாக்குற எடத்தைக் காணோமே?” நீலத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். நிறம் சீராக இருக்கிறது என்று மார்க் போட்டார்.

அந்த மார்க்கோடு கல்லூரிக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. மீன் ஏலம் நடக்கிற இடத்தில் அம்மா அதைப் பெருமையாகச் சொல்லுவாள். வீட்டுக்குள் நான் அப்பாவை முழுங்கினவள்.

இப்போது தம்பியும் சங்கு குளிக்கப் போகிறான்.

“ஜிபிஎஸ்ல புள்ளி வச்சிருக்கேல்ல? அத எனக்கு மட்டும் அனுப்பு” என்றேன்.

“கரைக்கு வாரதுக்குள்ள அழிச்சிருவோம்க்கா. அடுத்த வள்ளத்துக்காரன் பாத்துட்டா?”

“நான் என்ன, போட்டிக்கு வள்ளமா வச்சிருக்கேன்?”

“ஒனக்கு நீச்சலே தெரியாது” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. “சொன்னேன்னு தெரிஞ்சா வள்ளத்துக்கார அண்ணாச்சி என்னய வள்ளத்துல ஏத்த மாட்டாருக்கா.”

“அப்ப நீ வரலன்னா நான் எந்தப் பக்கம்லே கையக் காட்ட?”

அம்மா கரண்டியைத் தரையில் எறிந்தாள். “வாய மூடுளா! ஒரு ஆள முழுங்குனது பத்தலயா? இவனும் வேணுமா ஒனக்கு?”

தம்பி அவளைத் தடுக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அம்மா செம்பை நீட்டினாள். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு செம்புத் தண்ணீரில் எல்லாம் சரியாகிவிடும் என்று இருவரும் நம்பினார்கள்.

ஓட்டப்பிடாரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குப் புவியியல் எடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. இவன் இடம் சொல்லியிருந்தால் தினமும் பஸ்ஸில் போய்த் திரும்பியிருப்பேன். சொல்ல மாட்டான் என்று தெரியும். அதனால் நேற்றே பையைக் கட்டி வைத்தேன். இன்னொரு அதிகாரி முன்னால் நின்று தெரியாது, தெரியாது என்று சொல்ல என்னால் ஆகாது.

பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.

“எக்கா!” தம்பி செம்போடு எழுந்து வந்தான். “எங்க போற?”

அம்மா பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். எனக்காகவும் அவளுக்குப் பயம் இருந்தது. அதை இத்தனை வருடத்தில் இன்றுதான் பார்த்தேன்.

நான் திரும்பி வந்து உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. ஊர், பள்ளிக்கூடம் இருக்கும் தெரு, தங்கப்போகும் வீட்டுக்கார அம்மாவின் பெயர் எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இருவர் காதிலும் விழுந்ததா என்று பார்த்தேன். பிறகு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.