இடைவேளையில் போன குரல்

கிளைவ் ஹேத்தர்சேஜின் குரல் 1973ஆம் வருடம், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகர மண்டபத்தில், இசைத்தட்டைத் திருப்பிப் போடும் நேரத்தில் அவரை விட்டுப் போனது. அவருடைய ராக் குழுவுக்கு இருந்தது ஒரே பாட்டு. தட்டின் இரண்டு பக்கமும் அதுதான். வீட்டில் கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும் என்பதால், மேடையிலும் அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்து நிற்பார்கள். ரசிகர்கள் பீர் வாங்க எழுந்தார்கள். குரலும் எழுந்து போய் வரிசையில் நின்றது. திரும்பி வரவில்லை.

பாட்டின் மறுபாதிக்குக் கிளைவ் வாயைத் திறந்தபோது துருப்பிடித்த இரும்புக் கதவின் சத்தம் வந்தது. பாட்டுக்கு நடுவே வாசிக்கும் புல்லாங்குழலை ஊதிச் சமாளித்தார். "பாவம், மனுஷனுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று சொல்லி, மரியாதைக்குக் கைதட்டினார்கள். அந்தச் சளி நாற்பது வருடத்துக்கு மேல் நீடித்தது. இதற்குள் டிரம்மர்கள் வந்தார்கள், போனார்கள், ஒருவர் பாதிரியாரானார். கிளைவுக்குத் தலைமுடி கொட்டியது. மண்டபங்கள் மட்டும் நிறைந்தன.

குரல் இருந்த இடம் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அந்த மண்டபத்தில் பீர் ஊற்றும் நோரீனின் தொண்டையில் இருந்தது. அவர் "அடுத்து யாரு?" என்றால் கண்ணாடித் தம்ளர்கள் அதிரும். ஒவ்வொரு குளிர்காலமும் கிளைவ் போய்க் கேட்டார்.

"குடுத்துடு நோரீன். அது இல்லாம நான் பாதி ஆளு."

"நானா கூப்பிட்டேன், கண்ணு? அதுவா வந்துச்சு. இப்பல்லாம் எந்தக் குடிகாரனும் என்கிட்ட வாலாட்டுறதில்ல. நீ போய் உன் குழலை ஊது."

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, இனி அதட்ட ஆளில்லை என்று நோரீன் அதை ஒரு தம்ளருக்குள் இருமிக் கொடுத்தார். கிளைவ் ஒரே மடக்கில் குடித்தார்.

மறுவாரம் அதே மண்டபத்தில் பாடினார். இருபத்தாறு வயதுக் குரல், ஒரு கீறல்கூட விழாதது. அரங்கு நிறைய வழுக்கைத் தலைகள் அசையாமல் இருந்தன.

"டேப்பைப் போட்டு வாயசைக்கிறியா? இந்த வயசுல வெட்கமா இல்ல?" என்றார் முன்வரிசைக்காரர்.

கூட்டம் எழுந்து, ஒழுங்காக வரிசையில் நின்று, வெளியேறியது. கிளைவ் காலி நாற்காலிகளுக்கு முழுப் பாட்டையும் பாடினார். நடுவில் நிறுத்திக் காத்தும் நின்றார்.

பிறகு குரலை ஒரு ஃபிளாஸ்கில் அடைத்துக்கொண்டு நோரீனிடம் போனார்.

"ஏன், பிடிக்கலையா?"

"எனக்குப் பிடிச்சுது. அவங்களுக்குத்தான் என்னைத் தெரியல."

நோரீன் வாங்கி விழுங்கினார். பக்கத்து ஊரான ஹாலிஃபாக்ஸில் நடந்த அடுத்த கச்சேரியில் கிளைவ் கரகரத்தார்; கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. நோரீன் இப்போது முதியோர் இல்லத்தில் தம்போலா போன்ற பிங்கோ ஆட்டத்துக்கு எண் சொல்கிறார். செவிடர்களுக்கும் கேட்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் கிளைவும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு கடைசி மேசையில் உட்காருகிறார். இதுவரை ஜெயித்ததில்லை.