முஸ்தாக் நானா வாய் திறக்காத போட்டி

முஸ்தாக் நானாவின் தொண்டை கல்முனைக் கடற்கரையில் பிரசித்தம். கரைவலை இழுப்பவர். கடலுக்குள் நிற்கும் தோணிக்குக் கரையிலிருந்தே சேதி சொல்லுவார், போன் தேவையில்லை. எங்கள் மல்யுத்தக் கழகத்தின் தலைவரும் அவர்தான். போட்டி நாளில் மெத்தையோரம் நின்று கத்துபவரும் அவர்தான்.

சும்மா கத்துவதில்லை. எல்லாம் வலைக்காரப் பேச்சு. "கயித்த விடு" என்றால் பிடியைத் தளர்த்தி ஏமாற்று. மீன் வந்து சேரும் வலைப்பைக்கு மடி என்று பெயர். "மடியத் தூக்கு" என்றால் குனிந்து எதிராளியின் இரண்டு கால்களையும் அள்ளு. தமிழ் தெரிந்த அணிக்கே இது விளங்காது, சிங்கள அணிகளுக்குக் கேட்கவே வேண்டாம். நீங்கள் மல்யுத்தத்துக்கு வந்தீர்களா, மீன் விற்க வந்தீர்களா என்று காரைதீவுப் பொடியன் ஒருவன் நக்கலடித்தான். அவனையும் இன்ஸாப் மடியைத் தூக்கித்தான் போட்டான்.

இன்ஸாப் என் கூட்டாளி. ஒன்றாக உருண்டு புரண்டு பழகியவர்கள் நாங்கள். போன வருடம் நான் மலைநாட்டில் ஒரு விளையாட்டு விடுதிக்குத் தெரிவானேன். கழகமே பஸ் நிலையத்துக்கு வந்து வழியனுப்பியது. உம்மாவை விட முஸ்தாக் நானாதான் அதிகம் அழுதார், அதையும் ஊருக்கே கேட்கும்படி அழுதார்.

இந்த வருட இளைஞர் சுற்றுப்போட்டியில் இறுதிக்கு வந்தவை இரண்டு அணிகள். ஒன்று எங்கள் விடுதி, மற்றது கல்முனை. புள்ளிகள் சரிசமமாகி, கடைசிப் போட்டியில் வெல்பவருக்கே கோப்பை என்றாகிவிட்டது. அங்கே இன்ஸாப், இங்கே என் அறைத்தோழன் சந்துன்.

கோச் என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தினார்.

"உன் ஊர்க்காரர்தானே? அந்த ஆள் கத்துவதெல்லாம் உனக்கு விளங்கும். உடனுக்குடன் என் காதில் சொல்லு" என்றார் சிங்களத்தில்.

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் எனக்குக் கோபம். பிழையாக ஏதாவது கேட்டிருந்தால் எழும்பிப் போயிருப்பேன். ஆனால் நான் தின்பது அவர் போடும் சோறு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தவன் சந்துன். சொன்னால் அங்கே துரோகி, சொல்லாவிட்டால் இங்கே துரோகி. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். மனுசன் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தந்துவிட்டு, அசையாமல் இரு என்றார்.

யா அல்லாஹ், முஸ்தாக் நானாவின் வாயைக் கட்டிவிடு என்று துஆக் கேட்டேன். வேறு வழி தெரியவில்லை.

விசில் ஊதியது. பிடித்தார்கள், தள்ளினார்கள். கல்முனைப் பக்கம் சத்தமே இல்லை.

"என்ன சொல்கிறான்?" என்றார் கோச்.

"ஒன்றும் சொல்லவில்லை சேர்."

கோச் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு முஸ்தாக் நானாவைப் பார்த்தார். அவர் துவாயைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். என் துஆ இவ்வளவு கெதியாகவா கபூலாகும் என்று எனக்கே பயமாகிவிட்டது.

இரண்டாம் பாதியில் சந்துன் களைத்துப்போய் நிமிர்ந்து நின்றான். கால்கள் இரண்டும் அப்படியே திறந்து கிடந்தன. மடியைத் தூக்க அதைவிட நல்ல தருணம் வராது. சந்துனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இன்ஸாபுக்கு அது தெரியவில்லை, வெளியே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. முஸ்தாக் நானாவின் கழுத்து நரம்பு புடைத்தது. துவாயை இன்னும் இறுக்கிக் கடித்தார். அவ்வளவுதான். சந்துன் சுதாரித்துக்கொண்டு இன்ஸாபைச் சுற்றிப் பின்னால் போய்ப் பிடித்தான். கோப்பை எங்களுக்கு.

எங்கள் பக்கம் எல்லோரும் துள்ளினார்கள். நான் கல்முனைப் பக்கம் ஓடினேன்.

"ஏன் நானா வாயே தொறக்கல்ல?"

"தொண்ட கட்டிட்டுடா" என்றார், மண்டபத்தின் மறுகோடிக்கே கேட்கும் குரலில். பொய்யைக்கூட மெதுவாகச் சொல்லத் தெரியாத மனுசன்.

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த இன்ஸாப் நிமிர்ந்தான்.

"நான்தான் கத்த வாணாமெண்டு செல்லிட்டன். ஒன்ன அந்தாள் பக்கத்துல இருத்தினதக் கண்டன். நாங்க கத்தினா நீ ஒண்டு எங்களக் காட்டிக்குடுக்கணும், இல்லாட்டி அவனுகள ஏமாத்தணும். நாளைக்கும் நீ அவனுகளோடதானே மச்சான் இரிக்கணும்?"

"கப் போயிட்டேடா."

"ஓம், போயிட்டு. அதுக்கு இப்ப என்ன செய்யச் செல்றாய்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படவில்லை. ஊரை விட்டுப் போன ஒருவன் எந்தப் பக்கமும் பொய்யனாகிவிடக் கூடாது என்று கோப்பையையே விட்டுக்கொடுத்தவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? இன்ஸாபைக் கட்டிப்பிடித்து, "ஜஸாக்கல்லாஹ்" என்றேன்.

"தோத்தது நான், அழுறது நீயா?" என்று சிரித்தவன், என்னைப் பிடித்து எங்கள் அணிப் பக்கம் திருப்பி முதுகில் தள்ளினான். "போ, போய்க் கப்பத் தூக்கு. அவனுகள் ஒன்னத் தேடுறானுகள்."