வண்டி போனால் நீளும் தெரு

எங்கள் நகரில் வண்டி ஓடினால் தெரு நீளும். ஆள் நடந்தாலோ சைக்கிள் மிதித்தாலோ சுருங்கும்.

தெருக்களை வரைந்தது நான்தான். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று, இரண்டு பக்கமும் புங்க மரம் வைத்து வரைந்தேன். கார் வைத்திருந்தவர்கள் அகலம் போதாது என்றார்கள். அகலப்படுத்தினோம். அன்றிலிருந்து இப்படித்தான்.

சித்திரை மாத மதியம் என் மனைவி கோகிலவாணிக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆஸ்பத்திரி தெருமுனையில்தான் இருந்தது. நான் செருப்பு மாட்டுவதற்குள் பக்கத்து வீட்டுச் சாமியப்பன் அவளைத் தன் காரில் ஏற்றிவிட்டார். நல்ல மனிதர்.

"நடக்க வெச்சே கொன்னுபோடுவீங்க போலிருக்குதுங்க தம்பி," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தெரு நீண்டது. மரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. ஆஸ்பத்திரிப் பலகை புள்ளியானது. அவர் வேகமெடுத்தார். புள்ளியும் மறைந்தது.

நான் சைக்கிளை எடுத்தேன். மிதிக்க மிதிக்க நடுவில் இருந்த வீடுகள் மடிந்தன. ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இலையோடு மடிந்தார்கள்.

"பாத்துப் போங்க," என்றார் ரசம் ஊற்றியவர்.

காரை எட்டிக் கண்ணாடியைத் தட்டினேன். சாமியப்பனின் தலை நரைத்திருந்தது. காலையில் கறுப்பாக இருந்தது.

"நிறுத்துங்க!"

"நிறுத்துனா லேட்டாயிருமுங்க."

"ஓட்டறதாலதானுங்க லேட்டு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அவ்வளவு வேகத்திலும் கார் நகரவில்லை. தெருதான் நகர்ந்தது. கோகிலவாணி கதவைத் திறந்து இறங்கினாள். என் தோளைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"என்னால முடியாதுங்க."

"ஒரு எட்டு வெச்சுப் பாரு."

வைத்தாள். ஒரு மரம் அருகில் வந்தது. இன்னொரு எட்டு. பலகை தெரிந்தது. உதவ வேண்டும் என்று சாமியப்பன் காரை எங்கள் பக்கமாகக் கொண்டுவந்தார். பலகை மறுபடி மறைந்தது. கோகிலவாணி அலறினாள்.

"அண்ணா, அசையாம இருங்க!"

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். என்ஜின் அடங்கியது. மடியில் கை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்.

நடந்தோம். ஆஸ்பத்திரிப் படி எங்கள் காலில் வந்து இடித்தது. நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"நடந்துதான வந்தீங்க?"

"ஆமாங்க."

"குழந்தை முன்னாடியே வந்துருச்சுங்க. அதுவும் நடந்துதான் வந்துச்சு. உங்களத்தான் கேட்டுட்டே இருக்குது."

கோகிலவாணி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனாள்.