சுருட்டைக் கீரை

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் மூன்று அட்டைப்பெட்டிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு கேன்டீனின் பின்வாசல் வழியாக வந்தார். மேல்பெட்டி அவர் முகத்தை மறைத்திருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியை வைத்துவிட்டுப் போய் ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். மாடி அலுவலகத்தில் அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட "அக்கா, இன்னும் கொஞ்சம் சாதம்" என்றுதான் தட்டை நீட்டுவார்கள்.

"என்ன சார் இது?"

"கேல். மேல எல்லாரும் சேர்ந்து கேட்டிருக்காங்க. வாரத்துல ரெண்டு நாள் இது வேணுமாம். உடம்புக்கு ரொம்ப நல்லதாம்."

பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னாலிருந்து குருவி எட்டிப் பார்த்தாள். ஆள் சின்ன உருவம். எல்லாப் பாத்திரத்திலிருந்தும் ஒரு விரல் எடுத்துக் கொத்திப் பார்ப்பாள். வாய் ஓயாது. பெயர் அப்படி வந்ததுதான்.

"இதையா? இத தட்டு ஓரத்துல அழகுக்கு வெப்பாங்கன்னு நெனச்சேன்" என்று ஓர் இலையை உருவி எடுத்துத் தன் காதோரம் வைத்துக்கொண்டாள். "முடிய சுருட்டி விட்ட மாதிரி இருக்கு. வாய்க்குள்ள நுழையாத பேரெல்லாம் எதுக்கு? சுருட்டைக் கீரைன்னே சொல்லிக்கலாம்."

"எப்படி சமைக்கணும் சார்?" என்று அக்கா கேட்டாள்.

"கீரைதானேக்கா. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அக்கா ஓர் இலையைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். பழக்கதோஷம். ஒன்றும் வரவில்லை.

போன வருடம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எதுவுமே வருவதில்லை. காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் காபி வெறும் வெந்நீராக இருந்தது. தூள் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புது பாக்கெட்டைப் பிரித்தாள். அப்புறம் சோப்பு. அப்புறம் டயர் கடையில் வேலை செய்யும் கணவரின் சட்டையில் எப்போதும் இருக்கும் ரப்பர் வாடை. ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டாள். டாக்டர், "வந்துடும்மா. சிலருக்கு ரெண்டு மாசம் ஆகும், சிலருக்கு ஆறு மாசம். சிலருக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கிவிட்டார்.

கணவரிடம் சொன்னாள். வேலையிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கும் நாக்கும் இல்லாத சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? அதற்காகத் தூக்கம் கெட்டுக் கவலைப்பட்டாளா என்றால், அதுவும் இல்லை. வாசனை போனபோது வேறு ஏதோ ஒன்றும் கூடவே போயிருந்தது. நடப்பதெல்லாம் பக்கத்து அறையில் நடப்பதுபோல, சுவர் வழியாகக் கேட்பதுபோல இருந்தது. குருவி சொல்லும் நகைச்சுவைக்கு மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்த பிறகு இவளும் சிரித்தாள். பசி எடுப்பதில்லை. கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டாள். சாதம் ஈரக் காகிதம் மாதிரி, பருப்பு சூடான ஈரக் காகிதம் மாதிரி இருக்கும்.

ஆனால் வேலை நடந்தது. உப்பு எவ்வளவு என்று விரல்களுக்குத் தெரியும். வெங்காயம் வதங்கிவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் காய்ந்துவிட்டதைக் காது சொல்லும். இத்தனை வருடம் சமைத்ததையே திரும்பத் திரும்பச் சமைத்தாள். புதிதாக எதையும் தொடவில்லை. யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

இந்த இலையைப் பற்றி மட்டும் கைக்கு எந்த ஞாபகமும் இல்லை.

கீரைதானே என்று காம்போடு சேர்த்து நறுக்கினாள். பெரிய பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, பூண்டு தட்டிப் போட்டு, கீரையைக் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடினாள். கீரை என்றால் வெந்ததும் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும் என்று உப்பையும் குறைத்தே போட்டாள். திறந்து பார்த்தால் அது விறைப்பாகவே நின்றது. மறுபடி மூடினாள். மறுபடி திறந்தாள். கட்டை மாதிரி இருந்தது. இன்னும் வேகட்டும் என்று விட்டுவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பருப்பைப் பரிமாறும் பாத்திரத்தில் மாற்றத் தொடங்கினாள். புகைபோக்கி விசிறி ரிப்பேர். ஆவியும் புகையும் ஒரே நிறத்தில்தான் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தன.

முதலில் சாப்பிட வந்தவர் வாசலிலேயே நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னக்கா, சாக்கடை ஏதாவது உடைஞ்சுடுச்சா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அக்கா சிரித்தாள். ஹாலில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த குருவி ஓடிவந்தாள். அடுப்பை அணைத்தாள், ஜன்னல்களைத் திறந்தாள், அடியோடு கருகிப்போன கீரைப் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கித் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். உஸ்ஸென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் மட்டும் அக்காவுக்குக் கேட்டது.

"இவ்ளோ நாத்தம் அடிக்குதே, தெரியலையாக்கா?" என்றார் அதற்குள் அங்கே வந்துவிட்ட மேனேஜர்.

"கவனிக்கல சார்."

அன்று மதியம் பருப்பும் உருளைக்கிழங்கும்தான்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு குருவி அவளை ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லுவியா?"

"கேளு."

"அந்த நாத்தம் எனக்கு ஹால்லயே குடலப் புரட்டுச்சு. நீ அடுப்புப் பக்கத்துலயே நின்னுட்டிருந்த." குருவியின் குரல் தாழ்ந்தது. "கொஞ்ச நாள் முன்னாடி கேஸ் திறந்தே கிடந்துச்சே, அன்னிக்கும் நீ பக்கத்துல நின்னு தக்காளி நறுக்கிட்டிருந்த. நான்தான் வந்து மூடினேன். ஏதோ யோசனையில இருக்கன்னு விட்டுட்டேன்."

அக்கா அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "மூக்கு போச்சு. நாக்கும் போச்சு."

"எப்போ?"

"காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்போ."

கதவில் சாய்ந்திருந்த குருவி விருட்டென்று நிமிர்ந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அன்னிக்கு யாராவது ஒரு தீக்குச்சியக் கிழிச்சிருந்தா, நீயும் நானும் இப்போ சுவத்துல போட்டோவா தொங்கிட்டிருப்போம். நீ பெரிய போட்டோ, நான் சின்ன போட்டோ."

அக்கா பயம் வருமென்று காத்திருந்தாள். குருவி சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனாலும் அது வரவில்லை. பயம் வரவில்லை என்பதுகூட யாரோ சொன்ன செய்தி மாதிரிதான் இருந்தது.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

மறுநாள் காலையில் மேனேஜரிடம் கேஸ் திறந்து கிடந்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாவிக்கொத்தை விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்றார்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க சார்?"

சாவிக்கொத்து நின்றது. "கேஸ் விஷயங்கறதால மேல சொல்லாம இருக்க முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

அவர் திரும்பி வரும்வரை அக்கா உருளைக்கிழங்கு தோல் சீவினாள். வேலையை விட்டுப் போகச் சொன்னால் கேன்டீன் அலமாரியில் இருக்கும் இன்னொரு சேலையையும் செருப்பையும் பையில் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குமேல் நினைப்பு ஓடவில்லை.

போகச் சொல்லவில்லை. கேஸ் கசிந்தால் கத்தும் கருவி ஒன்று மாட்டுவார்கள். அவள் அடுப்படியில் தனியாக நிற்கக் கூடாது. அடுப்புப் பொறுப்பு குருவிக்கு. பாத்திரம் கழுவ வேறு ஆள் வரும்.

"எனக்கா?" என்று குருவி அலறினாள். "நான் வெந்நீர் வெச்சாலே அடிப்பிடிக்கும் சார்!"

"அக்கா பக்கத்துல இருப்பாங்க. அவங்க சொல்லட்டும், நீ ருசி பாரு. இப்போ மட்டும் பாக்காமயா இருக்க?"

வியாழக்கிழமை மீதிப் பெட்டிகளைப் பிரித்தார்கள். குருவி போனைப் பார்த்துப் படித்தாள். "நடுநரம்ப உருவி எறிஞ்சுடணுமாம். அப்புறம் உப்பும் எலுமிச்சையும் எண்ணெயும் விட்டு நல்லா பிசையணுமாம்."

"கீரையையா?"

"மாவு பிசையற மாதிரியாம். நல்லா கோவமா இருக்கறவங்க செய்ய வேண்டிய வேலை."

அக்கா காம்பைப் பிடித்து இலையை ஒரே இழுப்பில் உருவினாள். துணி கிழிவதுபோலச் சத்தம் வந்தது. அகலமான பாத்திரத்தில் போட்டு இரண்டு கைகளாலும் பிசையத் தொடங்கினாள். முதலில் இலை வெயிலில் காய்ந்து மொடமொடத்த துண்டு மாதிரி விரல்களை உறுத்தியது. வளைந்து கொடுக்கவில்லை. அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். எப்போது என்று தெரியவில்லை, ஒரு கட்டத்தில் அது இளகியது. நிறம் கருத்தது, ஈரம் விட்டது, பாத்திரம் நிறைய இருந்தது பாதியானது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் கைகளுக்கு அது வேண்டியிருந்தது. குருவி தோளைத் தட்டிய பிறகுதான் நிறுத்தினாள்.

காய்ந்த எண்ணெயில் பூண்டு போட்டு, இலையை ஒரு புரட்டு மட்டும் புரட்டி இறக்கினார்கள். குருவி ஒரு வாய் எடுத்து மென்றாள்.

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா?"

"நல்லாருக்குன்னா நல்லாருக்கு. வேற என்ன சொல்லணும்?"

"முதல்ல என்ன தெரியுது, அதச் சொல்லு."

குருவி கண்ணை மூடிக்கொண்டாள். "புளிப்பு. எலுமிச்சை முந்திக்கிட்டு வருது."

"அப்புறம்?"

"கசப்பு. லேசாத்தான். முழுங்கறப்போ தொண்டைகிட்ட தெரியுது."

"உப்பு?"

"தேடணும்."

அக்கா இரண்டு விரலால் உப்பு எடுத்துத் தூவிப் புரட்டினாள். "இப்போ?"

"ம்... இப்போ கசப்பு பின்னாடி போய் உக்காந்துடுச்சு. பூண்டு வந்துடுச்சு." குருவி கண்ணைத் திறந்தாள். "அக்கா, நான் இதுவரைக்கும் எதையும் இப்படித் தின்னதே இல்ல. வேகவேகமா முழுங்கிட்டு ஓடியிருக்கேன்."

போகாத ஊருக்கு வழி கேட்டு வைத்துக்கொள்வதுபோல அக்கா அதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டாள். மதியம் சிலர் போட்டுக்கொண்டார்கள், சிலர் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்கள், ஒருவர் இரண்டாம் முறை வந்து கேட்டார். ஒரு பெண், "லேசா கசக்குதேக்கா" என்றாள்.

"ஆமா, தொண்டைகிட்ட கசக்கும். அது அப்படித்தான்" என்றாள் அக்கா.

சாயங்காலம் ஒரு டப்பாவில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போனாள். கணவர் கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டில் சாதத்துக்குப் பக்கத்தில் கரும்பச்சையாக இருந்ததைப் பார்த்தார்.

"என்னது இது?"

"கேல்னு ஒரு கீரை. சாப்ட்டுப் பாருங்க."

அவர் வெகுநேரம் மென்றார். "மாடு மாதிரி அசைபோடணும் போலிருக்கே."

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

அது ஒரு பதிலே இல்லை என்று அன்று காலையில்தான் அவள் கற்றுக்கொண்டிருந்தாள். "உப்பு?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"இதுல சரியாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பருப்புலதான் ஜாஸ்தி."

"பருப்பு நான் வீட்டுல வெச்சது."

"தெரியும்."

"நேத்து?"

"நேத்து கம்மி."

"அதுக்கு முன்னாடி?"

"ஒருநாள் அப்படி, ஒருநாள் இப்படி. அத விடு."

கேன்டீனின் பெரிய பாத்திரங்களில் தவறாத கை, இரண்டு பேருக்கான சின்னப் பாத்திரத்தில் இத்தனை நாளும் தவறிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"நீ எந்த ருசியும் தெரியாம ஒரு வார்த்தை பேசாம சாப்பிட்டுட்டிருக்க. எதிர்ல உக்காந்துக்கிட்டு நான் உப்பு பத்தாதுன்னா, நல்லாவா இருக்கும்?"

அவளுக்குக் கண் கலங்கவில்லை. கலங்கினால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது, அவ்வளவுதான். எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் சாதம் கொண்டுவந்து அவர் தட்டில் போட்டாள். பருப்போடு சேர்த்துப் பிசைந்தால் உப்பு தெரியாது. பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே சொல்லுங்க. தினமும் சொல்லணும்."

"சரி."

"நல்லாருக்குன்னு சொல்லக் கூடாது."

"அப்போ என்ன சொல்றது?"

"முதல்ல என்ன தெரியுது, அப்புறம் என்ன தெரியுதுன்னு சொல்லணும்."

"இதென்ன பரீட்சையா?" என்றார் அவர். ஆனால் அடுத்த வாயை மெதுவாக மென்றார்.

மாடி அலுவலகத்துக்கு அந்த ஆசை சீக்கிரமே விட்டுப்போயிற்று. மறுபடி பழைய சாப்பாடே போதும் என்றார்கள். குருவி அடுப்பிலேயே நிலைத்துவிட்டாள். இப்போதும் பேசிக்கொண்டேதான் சமைக்கிறாள், ஆனால் ருசி பார்க்கும்போது மட்டும் பேச்சு நிற்கிறது. அக்காவுக்கு வாசனை திரும்பவில்லை. ஒருநாள் பேருந்தில் ஏதோ கருகிய வாடை மாதிரி வந்து போனது. டாக்டர் நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்றார்.

காய்கறிக் கடைக்குப் போனால் அவள் ஒரு கட்டு கேல் வாங்காமல் வருவதில்லை. மற்ற எதைச் சாப்பிட்டாலும் அது முன்பு எப்படி இருந்தது என்று தெரியும். இப்போது அப்படி இல்லை என்பதும் சேர்ந்தே தெரியும். இதில் அந்தத் தொல்லை இல்லை. இதை இழக்கவில்லை, ஏனென்றால் இது அவளிடம் இருந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர்தான் நரம்பை உருவித் தருகிறார். இலையில் பாதி காம்போடு போய்விடுகிறது. அவள் ஒன்றும் சொல்வதில்லை. வாங்கி உப்பைப் போட்டுப் பிசைய ஆரம்பிக்கிறாள்.