கட்டைவிரல் சட்டம்

ரேடியோவில் வாத்தியார் பேச ஆரம்பித்தால் ஊரே காது கொடுக்கும். எந்த ஆங்கிலச் சொற்றொடர் எப்படிப் பிறந்தது என்று கதை கதையாய் அளப்பார். அன்றைக்கு 'ரூல் ஆஃப் தம்ப்', அதாவது கட்டைவிரல் சட்டம். கட்டைவிரல் பருமனுக்கு மேல் போகாத கம்பால் பெண்டாட்டியை அடிக்கலாம் என்று வெள்ளைக்காரன் சட்டத்திலேயே இருந்ததாம். அதிலிருந்துதான் அந்தப் பேச்சு வந்ததாம். நிகழ்ச்சி நடத்தியவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அப்படி இல்லை, யாரோ கட்டிவிட்ட கதை என்பது வாத்தியாருக்கே தெரியும். பேர் கிடைக்கிறதென்றால் உண்மை யாருக்கு வேண்டும்?

சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ரேடியோவை அணைத்தாள். இதற்கு ஒத்திகை போன வாரமே அவள் முதுகில் நடந்துவிட்டது. ஜன்னல் திரை மாட்டும் கம்பைக் கழற்றி, கட்டைவிரலை அதன் மேல் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் அடித்தார் மகானுபாவர்.

சாயங்காலம் பாராட்டு மழையில் நனைந்து வந்தவர், கதவைத் திறக்கத் தாமதம் என்று அதே கம்பை எடுத்தார். தடுக்கப் போன கை மணிக்கட்டில் மளுக்கென்றது. அவர் குளிக்கப் போன நேரத்தில் இன்னொரு கையால் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு. இங்க இருந்தா செத்துடுவேன்."

துணிகளைப் பையில் திணித்து வைத்துக் காத்திருந்தாள்.

அண்ணன் இறைச்சிக் கடைக்காரன். வந்ததும் வராததுமாகத் தங்கையின் வீங்கிய கையைப் பார்த்தான், மூலையில் கிடந்த கம்பைப் பார்த்தான். பிறகு தன் கட்டைவிரலை வாத்தியார் முகத்துக்கு நேரே நீட்டினான். விரலா அது, உலக்கை!

"கடையில ரேடியோ கேட்டேன் மாப்பிள்ளை. யாரோட கட்டைவிரல்னு நீங்க சொல்லவே இல்லையே."

நாற்காலியைக் கவிழ்த்து அதன் காலைப் பிடுங்கினான். முதல் அடியில் மூக்கு உடைந்தது. அடுத்ததில் பல் தெறித்துச் சுவரில் பட்டது. புத்தக அலமாரி சரிய, வாத்தியார் அதற்கடியில் ஊர்ந்தார். விலாவில் இரண்டு உதை விழுந்தது. அவளுக்கு ஐயோ பாவம் என்று தோன்றவே இல்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

அண்ணன் குழாயில் கை கழுவினான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அதைப் பார்த்ததும் அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"இனிமே உன் மேல கை வைக்க மாட்டாரு. உங்க அண்ணி ஒத்துக்க மாட்டாம்மா. அனுசரிச்சுப் போ."

சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அடப்பாவி, இதற்கா வந்தாய்? அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டிக்கொண்டு வந்தது.

வாத்தியார் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். சட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் தெருமுனை திரும்பும்வரை பொறுமையாகப் பார்த்திருந்தார்.

"கதவைச் சாத்து" என்றார்.

சாத்தினாள். வெளியே வந்து சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் போன பக்கம் மட்டும் போகவில்லை.