நாலு எட்டுக்கு ஒரு மரம்

"எந்த எடத்துல விழுந்த?" என்று முனியாயி கேட்டாள். ஏன் விழுந்தாய் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் ஒரு வருஷமாகக் கேட்டாகிவிட்டது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ரப்பர் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் இருளாண்டி நிமிர்ந்து பார்த்தான். "உம்பாய்க்கு ஒரு மைலு இருக்கையில. சின்னப் பாலத்துகிட்ட."

"அதுவரைக்கும் யாரு முன்னால?"

"நாந்தான். அதுல என்ன சந்தேகம்?"

அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ராஜாவின் வெள்ளிவிழாவுக்காகப் போன வருஷம் தொடங்கிய ஓட்டம் அது. தோட்டத்து வாசலில் புறப்பட்டு உம்பாய்க் கடற்கரையில் முடியும், ஏழு மைல். ரப்பர் மரங்கள் நிற்கும் கித்தாக் காட்டுக்குள் அவனை யாராலும் நெருங்க முடியவில்லை. காடு முடிந்து மலாய்க்காரர்களின் கம்போங் கிராமம் வந்ததும் கால் பின்னிக்கொண்டது. அன்றிலிருந்து அவனுக்கு 'அரை ஓட்டம்' என்று பெயர். இன்று காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போதே கங்காணி நல்லமுத்து சொல்லிவிட்டார். "தொரகிட்ட கெஞ்சி இந்த வருஷமும் ஒன் பேரக் குடுத்துருக்கேன்டா. மறுபடியும் பாதியில படுத்தியோ, இனிமே நம்ம தோட்டத்துப் பேரு ஓட்டத்துலயே கெடையாது. தொர வாயால சொன்னது."

"ஓடையில மனசுக்குள்ள என்னய்யா நெனப்ப?" முனியாயி விடவில்லை.

"நெனக்கிறதா? எண்ணுவேன். நாலு எட்டுக்கு ஒரு மரம். நாலு எட்டு, ஒரு மரம். மூச்சு தன்னால வந்துரும்."

விடியலில் அவளும் பாலுக்காக மரத்துப் பட்டையை வெட்டுகிறவள்தான். நூல் பிடித்து நட்ட நிரை, மரத்துக்கு மரம் ஒரே இடைவெளி. இருட்டிலும் கால் தானாக அடுத்த மரத்தில் போய் நிற்கும். அவள் கேட்டாள்: "கித்தா முடிஞ்ச பொறவு?"

"தென்னைய எண்ணுனேன்."

"தென்னைக்கு எத்தனை எட்டு?"

"நாலுதான். வேறென்ன?"

முனியாயி அவனையே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. "அட எஞ்சாமி! மலாய்க்காரவுக நூல் புடிச்சா தென்ன நட்டாக? ஒண்ணு இங்க நிக்கும், ஒண்ணு ஆத்துக்கு அங்கிட்டு நிக்கும். அதுக்கும் நாலே எட்டுன்னா ஒவ்வொரு எட்டுக்கும் தாவுனியா?"

பாலத்துக்கு முன்னால் இரண்டு தென்னைக்கு நடுவே அகலமாக ஒரு வாய்க்கால் கிடந்தது அவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப நா தோக்கலடி. கணக்குதான் தப்பு," என்றான்.

"அதத்தான் நானும் சொல்றேன். மரத்த விட்ரு."

மறுநாள் சாயங்காலம் அவன் தோளில் காண்டா கம்பை வைத்தாள். இரண்டு முனையிலும் வாளி, விளிம்புக்கு நாலு விரல் கீழே வரை தண்ணீர். பால் தூக்கி ஸ்டோருக்குப் போகும் அதே கம்பு. ஓர் எட்டு வைத்தால் ஒரு முறை வளைந்து எழும். அதை மீறி அவசரப்பட்டால் தண்ணீர் காலில் கொட்டும், சோம்பினாலும் கொட்டும்.

"எங்க?" என்றான்.

"கம்போங் ரோட்டுல. சொட்டு சிந்தாம."

ஒன்றரை மாதம் ஓடினான். முதல் வாரம் கம்போங்கில் ஒரு மலாய்க் கிழவர் பதறிப்போய் வேலிக்கு வந்தார். "மானா அப்பி?" தண்ணீர் வாளியோடு ஒருவன் ஓடினால் எங்கோ தீ என்றுதானே அர்த்தம். இரண்டாம் வாரம் அவரே வாளியை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கடைசி வாரம் முனியாயி பின்னால் போய் மண்ணைப் பார்த்தாள். செம்மண் காய்ந்து கிடந்தது.

ஓட்டத்தன்று தோட்டத்து லாரி ஆட்களைச் சின்னப் பாலத்தில் இறக்கிவிட்டது. எல்லோரும் அங்கேதான் நிற்க வேண்டும் என்றார்கள். விழுந்தால் தூக்க வேண்டுமே என்று ஒருத்தி சொன்னாள்.

"தூக்க வேணாம்க்கா. தள்ளி நின்னு வழி விட்டாப் போதும்," என்றாள் முனியாயி.

முதலில் வந்தவன் மலாக்கா டவுன் ஆபீஸ் கிராணி சேகரன், வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். அப்புறம் ரோடு காலியாக இருந்தது.

"நாலாவதா வர்றானா, வரவே மாட்டானா?" கங்காணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இவ்ளோ மெதுவா ஓடினா எப்படிலா?"

"அவுக ஓட்டத்த அவுக ஓடட்டும் கங்காணி."

தென்னைகளுக்கு நடுவே இருளாண்டி தெரிந்தான். வெறுங்கால். மரங்களை அவன் பார்க்கவில்லை. வாய்க்கால் பக்கம் வந்தபோது அவன் கால் ஒரு கணம் தயங்கியது. வருஷக்கணக்காக எண்ணிப் பழகிய கால்.

இருளாண்டியின் வலது கை மெல்ல எழுந்து தோளுக்கு மேலே போனது. இல்லாத கம்பைப் பிடித்துக்கொண்டது. தோள் ஒரு முறை தாழ்ந்து எழுந்தது, மறுபடி தாழ்ந்து எழுந்தது. கால் அதன் பின்னால் போனது. பாலத்துப் பலகை தடதடக்க அவளைக் கடந்தான். முன்னால் மூன்றாவதாக ஓடியவன் திரும்பிப் பார்த்தான்.

கூட்டம் கூச்சலோடு அவன் பின்னால் ஓடியது, கங்காணியும் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். முனியாயி மட்டும் பாலத்திலேயே நின்று, குனிந்து, அவன் கடந்துபோன பலகைகளைப் பார்த்தாள்.

ஒரு சொட்டு ஈரமில்லை.