தகப்பனாரின் வெளிநாட்டுப் பயணம்

என் தகப்பனார் 1961-இல் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தார் என்பதை என் எழுபத்துமூன்றாம் வயதில்தான் தெரிந்துகொண்டேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குக் காலையில் கூரியரில் வந்த பளபளப்பான சிறு புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் அச்சாகியிருந்தது:

"1961-இல் கணவர் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த பின், திரும்பி வராத அவருக்காகக் காத்திராமல், இரு மகன்களையும் தனி ஒருவராக ஆளாக்கிய துணிச்சல் மிக்க பெண்மணி ஸ்ரீமதி கமலவல்லி."

கமலவல்லி என் தாயார். சமயபுரம் போகிற நெடுஞ்சாலையில் பத்து வருஷத்துக்கு முன் எழும்பிய ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், நானும் என் தம்பி ரெங்கராஜும் அவள் பெயரில் ஓர் உதவித்தொகை ஏற்படுத்தியிருக்கிறோம். அன்று பதினொரு மணிக்கு அதன் தொடக்க விழா. வருகிற முந்நூறு பேர் கையிலும் இந்தப் புத்தகம் போகும். அதில் நாற்பது பேராவது எங்கள் உறவு.

அந்த வாக்கியத்துக்கு மேலே அம்மாவின் படம். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. கணவன் ஏதோ ஒரு தேசத்தில் சௌக்கியமாக இருக்க, இவள் இங்கே கைம்பெண் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறாள். படத்தையும் வாக்கியத்தையும் சேர்த்துப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? விட்டுவிட்டு ஓடியவனைத் தலைமுழுகியவள் என்று நினைப்பான். தகப்பனாருக்குப் பிறகு முப்பத்தாறு வருஷம் இருந்தாள். எங்கள் தெருவில் ஒருவர் வாயிலும் அவளைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை.

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி. "இது செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது. பிழைகள் இருக்கலாம்; சரிபார்த்துக்கொள்ளவும்." நகல் எடுத்தவன் அதையும் சேர்த்து எடுத்திருக்கிறான். அச்சுக்கு அனுப்பியவன் அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறான். அந்தப் பக்கத்தில் நம்பத்தக்கது அந்த ஒரு வரிதான்.

நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பை நான்தான் கைப்பட எழுதிக் கொடுத்தேன். ரயில்வே டிவிஷனல் ஆபீசில் முப்பத்தெட்டு வருஷம் கடிதம் எழுதியவன் நான். என் வாசகத்தில் எந்த அதிகாரியும் கை வைத்ததில்லை. குறிப்பில், "1961 மாசி மாதம் எம் தகப்பனார் திருநாட்டுக்கு எழுந்தருளினார்" என்று எழுதியிருந்தேன். ஸ்ரீவைஷ்ணவர் வீட்டில் ஒருவர் பரமபதம் அடைந்தால் அப்படித்தான் எழுதுவோம். இறந்தார் என்று எழுதுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

"குடுங்கோ, நான் நன்னா மெருகேத்திடறேன்" என்று வாங்கிக்கொண்டு போனவன் ரெங்கராஜ். பேங்கிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்தப் பல்கலைக்கழகத்தில் கௌரவ ஆலோசகனானான். அறை உண்டு, ஏசி உண்டு, ஆலோசனை கேட்க வருகிறவர் கிடையாது. போன ஜூனில் மாணவர், ஆசிரியர், அலுவலர் எல்லாருக்கும் 'அறிவுத்துணை' என்று ஓர் உரையாடும் எந்திரத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. அதற்கான கமிட்டிக்கு இவன் தலைவன். அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை.

"வெளில கிடைக்கறது மாதிரி இல்லேண்ணா, இது செக்யூர். நாம உள்ள போடறது ஒரு எழுத்துகூட கேம்பஸை விட்டு வெளில போகாது" என்று என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெருமையடித்தான். பூட்டைப் பற்றித்தான் சொன்னான். உள்ளே உட்கார்ந்திருப்பதற்கு என்ன தெரியும் என்று சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்து, திருவானைக்காவல் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. அரங்கில் ஒவ்வொரு நாற்காலியிலும் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தார்கள். விழா வேலைகளைப் பார்க்கிற பிரிவு அலுவலர் அக்னஸ் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"உக்காருங்க சார். நீங்க சீக்கிரமே வருவீங்கன்னு நெனச்சேன்."

"ஏன் நினைச்சீங்க?"

"மூணாம் பக்கம். அம்மா போட்டோவைப் பார்த்ததுமே எனக்கு நெருடுச்சு சார். எங்கள்ல 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'னு போடுவோம். எங்க மாமனார் நினைவுநாள் கார்டுக்கு இந்த அறிவுத்துணைகிட்ட கேட்டேன். 'நிம்மதியாக உறங்கி, நல்ல ஓய்வு பெற்றார்'னு எழுதிக் குடுத்துச்சு. அதைத் தூக்கிப் போட்டுட்டு நானே எழுதினேன்."

"இதை ரெங்கராஜ்கிட்ட சொன்னீங்களா?"

அவர் சற்றுத் தயங்கினார். "கேட்டேன் சார். உங்க அப்பா நெஜமாவே வெளிநாடு போனாரான்னு கேட்டேன். 'அறிவுத்துணை சொன்னா சரியாத்தான் இருக்கும், பிரஸ்ஸுக்கு அனுப்புங்க'ன்னுட்டாரு."

என்னைப் பெற்றவரே அவனையும் பெற்றிருந்தார். அவர் எங்கே போனார் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இது.

ரெங்கராஜ் மேடைக்குப் பக்கத்து அறையில், பட்டு அங்கவஸ்திரத்தின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"வாங்கோண்ணா. புத்தகம் பார்த்தேளா? வி.சி. உருகிப் போயிட்டார். அவரோட பேச்சே இதை வெச்சுத்தான்."

"அப்பா எந்த தேசத்துக்குப் போனார்டா?"

அவனுக்குப் புரியவில்லை. மூன்றாம் பக்கத்தை விரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். நின்றபடியே படித்தான். இரண்டாம் முறையும் படித்தான்.

"எனக்கு அப்போ ரெண்டு வயசு" என்றான்.

"வருஷா வருஷம் என்னோட உக்காந்து திவசம் பண்றியே, வெளிநாட்டுல இருக்கறவருக்கா பிண்டம் வெச்சே?"

"கோச்சுக்காதேள். நீங்களும் திருநாடு, எழுந்தருளினார்னு எழுதினா அது என்ன பண்ணும்? காலமானார்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா முடிஞ்சுது. நாளைக்கு நீங்க அப்படியே எழுதிக் குடுங்கோ, ரெண்டு நிமிஷத்துல மாத்திடலாம்."

"அதுக்குப் புரியலை. உனக்கு?"

"புரியும். நான் படிக்கலை."

தெரியாதவன் என்றால் விட்டிருப்பேன். இவனுக்குத் தெரியும். பெற்ற தாயைப் பற்றிய ஒரு பக்கத்தைப் படிக்க இவனுக்குக் கண் வலித்திருக்கிறது.

"விழா ஆரம்பிக்கறதுக்குள்ள அத்தனையும் எடுக்கச் சொல்லு."

"ஜனங்க வந்தாச்சு. இப்போ எடுத்தா ஏன்னு கேப்பா. என் கமிட்டி பண்ணினதுன்னு எல்லாருக்கும் தெரியும், எனக்குன்னா அசிங்கம்?"

"உனக்கு அசிங்கம். அம்மாவுக்கு?"

வெளியே மைக் சோதிக்கிற சத்தம் கேட்டது. "இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்ணா" என்று முணுமுணுத்துவிட்டு மேடைக்கு நடந்தான்.

துணைவேந்தர் நல்ல குரல்வளம் உள்ளவர். "கணவர் கைவிட்டுச் சென்ற பிறகும் கலங்காத ஒரு தாய்" என்று ஆரம்பித்தார். கை தட்டினார்கள். தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு இந்த அம்மையார் ஒரு கலங்கரை விளக்கம் என்றார். அதற்கும் தட்டினார்கள். இரண்டாம் வரிசையில் என் சித்தப்பா பிள்ளை ஸ்ரீநிவாஸ் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மனைவியின் காதருகே குனிந்தான். அவள் என் அம்மாவின் படத்தைப் பார்த்தாள், பிறகு மேடையில் இருந்த என்னைப் பார்த்தாள்.

குத்துவிளக்கு ஏற்ற என்னை அழைத்தார்கள். நான் விளக்கைத் தாண்டிப் போய் மைக்கைப் பிடித்தேன்.

நான் எழுதிய வாசகத்தையே சொல்வதென்றுதான் எழுந்தேன். எதிரே லால்குடியிலிருந்தும் துறையூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திருநாடு என்றால் இவர்களும் எந்த நாடு என்றுதான் கேட்பார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்காக, எங்கள் வீட்டில் மாட்டுக்கும் மரத்துக்கும் மட்டுமே சொல்கிற சொல்லை எடுத்தேன்.

"என் அப்பா வெளிநாடு போகவில்லை. செத்துப்போனார். புத்தூர் ஆஸ்பத்திரியில், டைபாய்டு காய்ச்சலில். எனக்கு ஒன்பது வயது, பக்கத்தில் இருந்தேன். என் அம்மாவை யாரும் கைவிடவில்லை. உங்கள் கையில் இருப்பது பொய். ஒரு எந்திரம் எழுதியது, ஒருவரும் படித்துப் பார்க்காதது."

நாக்கில் அந்தச் சொல் கசந்தது. ஆனால் அரங்கில் ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை.

துணைவேந்தர் தன் பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "மிஸ்டர் ரெங்கராஜ்?" என்றார்.

ரெங்கராஜ் எழுந்தான். "சிஸ்டத்துல ஒரு சின்ன..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"புத்தகம் எல்லாம் மேடைக்கு வரட்டும். அப்புறம் விளக்கேற்றுகிறேன்" என்றேன்.

அக்னஸ் ஓரத்திலிருந்து எழுந்தார். நான் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னேன். அது அவருடைய வேலை இல்லை.

ரெங்கராஜ் அங்கவஸ்திரத்தைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் படியிறங்கினான். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவரிடமும் கை நீட்டி வாங்கினான். சிலர் எழுந்து நின்று கொடுத்தார்கள். சில பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். ஸ்ரீநிவாஸ் தன் பிரதியை மனைவியின் கைப்பைக்குள் வைத்துவிட்டிருந்தான். "நம்மாத்து விஷயம்தானேடா, ஒண்ணு என்கிட்ட இருக்கட்டுமே" என்றான். ரெங்கராஜ் நீட்டிய கையை மடக்காமல் அங்கேயே நின்றான். கடைசியில் பை திறந்தது.

கடைசி வரிசைவரை போய்த் திரும்ப அவனுக்கு அரை மணி நேரம் ஆனது. அறுபத்தாறு வயதில் முந்நூறு புத்தகம் கனக்கும். நான்கு நடை நடந்தான், வேர்த்துக் கொட்டியது. நான் இறங்கிப் போய்க் கை கொடுக்கவில்லை.